ஏழாவது வீட்டு இரும்பு

வாளை மடியில் வைத்தாயிற்று, இனி எழுந்திருக்க வழியில்லை. பொங்கல் பொங்கி வழிகிற வரைக்கும் புது வாள் மண்ணில் படக் கூடாது, அடித்தவன் மடியை விட்டு இறங்கவும் கூடாது; வாள்காரி அம்மன் கோயிலில் அப்படித்தான் முறை. பிரமநாயகம் ஆசாரி சாமியானாவுக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் துணி சுற்றிய வாள். எதிரே மூன்று கல்லைக் கூட்டி ஏற்றிய பெரிய பானை, அதுவோ பொங்குகிற பாடாகக் காணோம். விறகு ஈரம். எந்தப் புண்ணியவான் வெட்டிக்கொண்டு வந்து போட்டானோ, கருவேலங்கட்டை புகைந்து புகைந்து பெண்டுகளின் கண்ணைக் கரிக்கிறதே தவிர எரிந்து தொலைக்க மாட்டேன் என்கிறது. எரியாமலே போனால்கூட நல்லதுதான் என்று ஒரு நினைப்பு ஓடியது. பொங்காவிட்டால் வீடு சொல்ல வேண்டாம். வீடு சொல்லாவிட்டால் பொய் சொல்ல வேண்டாம். சே, என்ன நினைப்பு இது, அம்மன் சந்நிதியில் உட்கார்ந்துகொண்டு பொங்கல் பொங்கக் கூடாது என்று நினைக்கிறாயே, நீயெல்லாம் மனுசனா. இடது கால் மரத்துப் போய்விட்டது. வாளின் கனம் தொடையை அழுத்துகிறது. ஒரு வாள் அப்படி என்ன கனம் இருந்துவிடப் போகிறது, ஆனால் இருக்கிறதே, ஏழு வீட்டு இரும்பல்லவா. ஏழு. அங்கே வந்துதான் முட்டுகிறது. ஆறு வீட்டு இரும்பு என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். ஆறு வீட்டு இரும்பும், உலையிலிருந்து பழுத்த துண்டை எடுக்கிற என் நீளக் கொறடும். கொறடு என்று நினைத்ததுமே யார் காதிலாவது விழுந்திருக்குமோ என்று நிமிர்ந்து பார்த்தார். ஒருத்தர் காதிலும் விழவில்லை. மைக்செட்காரன் ஒயரை வாயில் கடித்துக்கொண்டு நின்றான்.

கரிசல்பொட்டலில் இந்த அம்மனைக் கும்பிடுகிற பங்காளி வீடு ஏழு. பழைய வாள் தேய்ந்து போனால் புதுசு அடிக்க வீட்டுக்கு ஒரு இரும்பு கொடுக்க வேண்டும். கடையில் வாங்கியது ஆகாது, மூலையில் துருப்பிடித்துக் கிடப்பதும் ஆகாது, அன்றாடம் அந்த வீட்டில் புழங்குகிற இரும்பாக இருக்க வேண்டும். அத்தனையையும் காய்ச்சி ஒட்டி மடித்து ஒரே வாளாக்குவது ஆசாரி பாடு. பொங்கல் பொங்கியதும் ஆசாரி எழுந்து வாளை உயர்த்தி, இன்னார் வீட்டு இரும்பு இதில் இருக்கிறது என்று வீடு வீடாகப் பேர் சொல்ல வேண்டும். பேர் கேட்ட வீட்டார் வந்து வாளைத் தொட்டுக் கும்பிட்டு இலையில் பொங்கல் வாங்கிக்கொள்வார்கள். அன்றைக்கு முதல் அது தலைக்கட்டு. நல்லது கெட்டதுக்கு ஊர் வந்து வாசலில் நிற்கும். பேர் சொல்லாத வீடு வீடில்லை, அவ்வளவுதான். சொல்வதற்கு லேசாக இருக்கிறது, அடித்துப் பார்த்தால்தானே தெரியும். மண்வெட்டித் தகடு மெத்தென்று இருக்கும், வெள்ளையாகப் பழுத்தால்தான் ஒட்டும். கடப்பாரை உருக்கு, அதற்கு அந்தச் சூடு ஆகாது, பூப்பூவாகச் சிதறிக் கருகிப் போகும். அது ஒட்டும் வரை இதைக் காக்க வைத்து, இது கருகும் முன்னே அதை இழுத்து, இரண்டுக்கும் நடுவிலே கண்ணிமைக்கிற நேரம் ஒன்று இருக்கிறது, அதிலே ஒட்டுக்குப் போடுகிற வெங்காரப் பொடியைத் தூவி அடித்துவிட வேண்டும். விட்டால் போச்சு. மேலே பார்க்க ஒட்டினது மாதிரி இருக்கும், உள்ளே பிரிந்தே கிடக்கும். இந்த வாளில் அப்படி ஒரு இடம்கூடக் கிடையாது. அதுதான் கொடுமை. பிரமநாயகம் தன் வாழ்நாளில் இப்படி ஒரு ஒட்டு ஒட்டினதில்லை. அதிலும் அந்தக் கொறடு இருக்கிறதே, இருபது வருசமாக நெருப்பிலேயே கிடந்த இரும்பு, தாய் வீட்டுக்குப் போன மாதிரி போய்ச் சேர்ந்துகொண்டது. பெருமைப்பட ஒரு வேலை அமைந்தது, அதையும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் போயிற்று.

சீனித்தாய் எங்கே இருக்கிறாள் என்று பார்க்கக் கூடாது என்றுதான் அவர் பானையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனாலும் தெரிகிறது, ஓரக்கண்ணுக்கு யார் வேலி போடுவது. பச்சைச் சேலை. பக்கத்தில் மகள் மாரிச்செல்வி, தலை நிறையப் பிச்சிப்பூ. தாயும் மகளும் மற்றப் பெண்களோடு ஒட்டியும் ஒட்டாமலும் நிற்கிறார்கள், இன்னும் பேர் சொல்லவில்லையே, சொன்ன பிறகு நெருங்கி நிற்கலாம் என்று. அவள் புருசன் முருகையா மஞ்சக்காமாலையில் போய்ச் சேர்ந்ததும் அவன் அண்ணன் தம்பிகளே சொல்லிவிட்டார்கள், ஆம்பிளைப் பிள்ளை இல்லாத அடுப்பு அணைந்த அடுப்பு என்று. வரி கேட்டு வரவில்லை, திருவிழாவுக்குக் கூப்பிடவில்லை. போன தையில் அந்தப் பிள்ளை பெரிய மனுசியானபோது ஒரு தட்டு வைக்க ஆளில்லை. அதற்கப்புறம்தான் அவள் ஊர்க்கூட்டத்துக்கு வந்து நடுவில் நின்றாள். பொம்பளை இப்படி வந்து நிற்கலாமா என்று ஒருத்தன் கேட்டான். "என் வீட்டுல அடுப்பு எரியுதா இல்லையான்னு வந்து பாருங்க. எரிஞ்சா அது வீடுதான்" என்றாள். சும்மா சொல்லக் கூடாது, குரல் நடுங்கவேயில்லை. நாட்டாமை உக்கிரபாண்டியன் பல்லுக் குத்திக்கொண்டே கேட்டிருந்துவிட்டுச் சொன்னார், "அதுக்கென்ன, புது வாள்தான் அடிக்கப் போறோமே. நீயும் ஒரு இரும்பு கொண்டா. ஆசாரி சேருதுன்னா சேர்ந்தது, சேரலைன்னா சேரலை. நாங்க யாரு அதுல தலையிட." எவ்வளவு நைச்சியம். பாவத்தை ஆசாரி தலையில் கட்டிவிட்டு அவர் பாட்டுக்குப் பல்லுக் குத்திக்கொண்டிருந்தார்.

அவள் கொண்டுவந்தாளே, அது என்ன தெரியுமா, தையல் மெஷினின் பெரிய சக்கரம். கால் மிதிக்கிற கட்டைக்கு மேலே சுற்றுமே, அது. அந்த வீட்டில் அன்றாடம் புழங்குகிற இரும்பு அதுதானே, அதுதானே அடுப்பை எரிய வைக்கிறது, வேறு எதைக் கழற்றிக்கொண்டு வருவாள். இடுப்பில் பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி தூக்கி வந்து ஆசாரி முன்னால் வைத்தாள். வைத்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. வார்ப்பு. அச்சில் ஊற்றி எடுத்தது. அடிக்கு ஆகவே ஆகாது, காய்ச்சி அடித்தால் மண்ணாங்கட்டியாக உதிரும், உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பூனைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. உக்கிரபாண்டியன் முகத்தைப் பார்த்தார் ஆசாரி. அந்த முகத்தில் சிரிப்பு. அவருக்கும் தெரிந்திருக்கிறது. ஆசாரி வாயாலேயே ஆகாது என்று வந்துவிடும், நமக்கு வேலை மிச்சம் என்கிற சிரிப்பு. "என்ன ஆசாரி, சேருமா?" என்றார். பிரமநாயகம் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இது வார்ப்பு தாயி, ஆகாது, வேறே ஒண்ணு கொண்டா. இத்தனை சொல் போதும். சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தார். ஆனால் வெளியே வந்தது வேறே. "ஏன் சேராது? என் கையில சேராத இரும்பு எங்க இருக்கு?" கூட்டம் சலசலத்தது. உக்கிரபாண்டியன் சிரிப்பு நின்றது. சீனித்தாய் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள், அம்மனைக் கும்பிடுகிற மாதிரி, அவரைப் பார்த்து.

இரக்கமா அது, வீம்பா? அங்கேதான் சுற்றிச் சுற்றி வந்து நிற்கிறது புத்தி, செக்கு மாடு மாதிரி. இரக்கம் என்றால் பாவம் பாதி. ஒரு பொம்பளை நாலு பேர் முன்னால் தலை குனியக் கூடாதே என்று நினைத்தேன், அது தப்பா? தப்பில்லை. ஆனால் அப்படியா நினைத்தாய், நெஞ்சைத் தொட்டுச் சொல் பார்ப்போம். அவள் முகத்தைப் பார்த்தா சொன்னாய்? நாட்டாமை முகத்தைப் பார்த்துத்தானே சொன்னாய். என்னைக் கேலியாகப் பார்க்கிறானே, என் வாயில் இவன் சொல்லை வைத்து எடுக்கப் பார்க்கிறானே என்று ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் சீனித்தாய் யார், மாரிச்செல்வி யார். "என் கையில" என்று சொன்னாயே, அவள் வீட்டைப் பற்றியா பேசினாய், உன் கையைப் பற்றியல்லவா பேசினாய். கும்பிட்டாளே, அந்தக் கும்பிடு எரிகிற கரியைக் கையில் வாங்கிய மாதிரி இருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். மறுநாள் சொல்லியிருக்கலாம். தனியாகக் கூப்பிட்டு, தாயி, ஒரு வேகத்தில் சொல்லிவிட்டேன் என்று சொன்னால் என்ன குடியா முழுகிப் போகும். சொல்லவில்லை. ஆசாரி வாயால் ஆகும் என்று சொன்னதை ஆகாது என்று திருப்புவதாவது. ரோசக்கார மனுசன் பாரு. தூ.

சக்கரத்தை உடைத்த நாளை நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தார், அது மட்டும் விடுமா. கோமு சம்மட்டி பிடித்து நின்றாள். அவர் பெண்டாட்டிதான் அவருக்குச் சம்மட்டி, கல்யாணமான நாளிலிருந்து. சக்கரத்தைப் பார்த்ததுமே, "வார்ப்பை வாங்கி வச்சிருக்கீங்களே, என்ன செய்யப் போறீங்க?" என்றாள். "நான் பார்த்துக்கிடுதேன், நீ அடி" என்றார். அடித்தாள். முதல் அடியிலேயே சக்கரத்தின் ஆரக்கால் ஒன்று தெறித்துச் சுவரில் போய் விழுந்தது. சூடு குறைத்துப் பார்த்தார், விண்டது. சூடு கூட்டிப் பார்த்தார், கஞ்சி பொங்குகிற மாதிரி நுரைத்து வழிந்தது. மண்வெட்டித் தகட்டில் பொட்டலம் கட்டின மாதிரி உள்ளே வைத்து அடித்துப் பார்த்தார், பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது. மானம் கெட்டுப் போய் வெங்காரத்தை அள்ளி அள்ளிப் போட்டார். சாயங்காலம் பார்த்தால் சக்கரம் என்று ஒன்றில்லை, கருப்புக் கட்டிகள்தான். சாக்கில் அள்ளிப் போட்டு உலைக்குப் பின்னால் தள்ளினார். கோமு தண்ணீருக்குப் போன நேரத்தில் நீளக் கொறட்டின் இரண்டு காலையும் வெட்டி ஒரே துண்டாகச் சேர்த்து அடுக்கில் வைத்து வெங்காரம் தூவினார். அவள் வந்தாள், சம்மட்டி எடுத்தாள், அடி என்றார், அடித்தாள். எண்ணிப் பார்த்திருப்பாள், ஏழு துண்டு இருந்தது. மறுநாள் கொறடு தொங்குகிற ஆணி வெறுமனே இருப்பதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அந்த ஆணியில் கரித்துணியைத் தொங்கவிட்டாள். எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், ஏசியிருந்தால் ஏச்சு வாங்கிக்கொண்டு இலேசாகியிருப்பார். அவள் கேட்காமல் இருந்தாளே, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குச் சோறு போட்டுக் கொடுத்த மாதிரி, அது இன்னும் தாங்கவில்லை. அதற்குப் பிறகு தெருவில் போகும்போதெல்லாம் சீனித்தாய் வீட்டு ஜன்னல். மேலே இருக்கிற சின்னச் சக்கரத்தை வலது கையால் சுற்றிக்கொண்டு இடது கையால் துணியைத் தள்ளிக்கொண்டு, ஒரு ரவிக்கைக்கு ஒரு பகல் ஆகிறது. அவரைக் கண்டால் சுற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள். அவர் அந்தத் தெருவையே விட்டுவிட்டு வாய்க்கால் கரையோடு சுற்றிப் போக ஆரம்பித்தார்.

"என்ன ஆசாரி, முகம் வாடிக் கெடக்கு? வெயிலா?" உக்கிரபாண்டியன்தான். வெள்ளை வேட்டி, தலையில் கோயில் பரிவட்டம், கையில் போன். கிட்டே வந்து குனிந்தார். "ஏழும் சேர்ந்திருச்சாக்கும்?" "சேர்ந்திருச்சு அண்ணாச்சி." "எல்லாமே?" "எல்லாமே." அவர் கண் மஞ்சள் துணியின் மேலே கிடந்தது. "கெட்டிக்காரன்யா நீரு" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தார். அது பாராட்டா, பொடி வைத்துப் பேசுகிறாரா, ஒன்றும் புரியவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், எல்லாமே குத்தலாகத்தான் தெரியும். இவர் மட்டும் யோக்கியமா? இவர் வீட்டிலிருந்து வந்த கடப்பாரை புத்தம்புதுசு. மேலே சேற்றைப் பூசிக் காய வைத்திருந்தார்கள், சேற்றைத் தட்டினால் உள்ளே கடைப் பச்சை வர்ணம். புழங்குகிற இரும்பாம். ஆசாரி அதையும் வாய் பேசாமல் உலையில் வைத்தார். ஆக, நாட்டாமை பொய், நானும் பொய், இரண்டு பொய்யும் ஒட்டி ஒரே வாளாகிவிட்டது என்று நினைத்ததும் உள்ளே ஒரு சிரிப்புக் கிளம்பிப் பாதியிலேயே செத்தது. அவன் செய்தான் என்று நீ செய்வாயா? அவன் பொய்யால் யார் வீடும் கெடவில்லையே. இப்போது எழுந்து நின்று உள்ளதைச் சொன்னால் என்ன ஆகும், அதையும் நினைத்துப் பார். அவள் இரும்பு உடைந்து போயிற்று என்பதோடு நிற்குமா? அந்த இடத்தில் என்ன வைத்தாய் என்று கேட்பான். என் கொறட்டை வைத்தேன். யார் கேட்டு வைத்தாய்? பங்காளி இல்லாதவன் இரும்பு அம்மன் வாளில், அதுவும் புருசன் இல்லாத பொம்பளை பேரில். ஆசாரி இரும்பைத் தன் பேரில் போட்டுக்கொண்டாளாமே சீனித்தாய் என்று ஊர் சொல்லும். ஊர் வாயை எந்த உலைமூடி போட்டு மூடுவது. அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டாமா. அடப் பாவி, ஒரு வாய்ச்சொல்லால் அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறாய்.

"ஆசாரியாரே." பச்சைச் சேலை பக்கத்தில் வந்து நின்றது. "துணியில நூலு தொங்குது. எடுக்கும்போது சிக்கிக்கிடும், அறுத்து விட்டுறவா?" வாளைச் சுற்றின துணியே அவள் தைத்துக் கொடுத்ததுதான். ஓரம் அடித்த விதத்தைப் பார்த்தால் ஒற்றைக் கையால் தைத்தது என்று யாரும் சொல்ல முடியாது. அவர் தலையாட்டினார். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடுப்பில் செருகியிருந்த கத்தரியை எடுத்து நறுக்கென்று நூலை வெட்டினாள். கத்தரி. பெரிய தையல் கத்தரி. பிடியில் துணி சுற்றி, தேய்ந்து, வாய் மட்டும் பளபளவென்று. சாணை பிடிக்க இவர் பட்டறைக்கே எத்தனை தடவை வந்திருக்கிறது அது. நல்ல உருக்கு. ஒட்டியிருக்கும். சாட்சாத் அன்றாடம் புழங்குகிற இரும்பு, அவள் வீட்டு இரும்பு, கடப்பாரையோடு வைத்து ஒரு சூட்டில் அடித்திருந்தால் உயிராக ஒட்டியிருக்கும். புதுக் கத்தரி ஒன்று வாங்க வேண்டியிருந்தாலும் மெஷினாவது ஓடியிருக்குமே. அத்தனை நாளும் இது ஏன் என் புத்தியில் தட்டவில்லை? சக்கரத்தோடு மல்லுக்கட்டிய சாயங்காலம், அவள் வீட்டு வாசலுக்குப் போய், தாயி, சக்கரம் ஆகலை, உன் கத்தரியைக் குடு என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். புத்தியில் தட்டாமல் இல்லை, தட்ட விடவில்லை. கேட்டால் ஆகலை என்று ஒப்புக்கொள்ள வேண்டும் அல்லவா, அதனால் அந்தக் கதவையே புத்தி திறக்கவில்லை. "என்ன ஆசாரியாரே, கண்ணு கலங்கியிருக்கு?" என்றாள். "புகை, தாயி." "ஆமா, பாழாப் போன விறகு" என்று சொல்லிவிட்டுக் கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். கண்ணால் அந்தக் கத்தரி பின்னாலேயே கொஞ்ச தூரம் போனார் ஆசாரி.

இப்போதும் ஒன்றும் கெட்டுவிடவில்லை, நிறுத்து என்று சொல்லலாம். வாளில் குறை இருக்கிறது, மறுபடி அடிக்க வேண்டும், அடுத்த செவ்வாய்க்குப் பொங்கல் வைத்துக்கொள்ளலாம் என்று. குறை என்றால் என்ன குறை என்று கேட்பார்கள். ஒட்டு விட்டிருக்கிறது என்று சொல்லலாம். இந்த வாளிலா, ஒட்டு விடுவதா? தட்டிக் காட்டு என்பான் உக்கிரபாண்டியன், தட்டினால் கோயில் மணியாட்டம் கணீரென்று பேசும். பொய் சொல்லவும் விடாமல் வேலை அத்தனை சுத்தமாக வந்து தொலைத்திருக்கிறது. கோமு அடுப்பிலிருந்து எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள், கையில் மோர்ச் செம்பு. "குடிங்க. நாக்கு வறண்டா பேரு வராது." அவர் செம்பை வாங்கவில்லை. "கோமு, நான் சொல்லிரட்டுமா?" என்றார். அத்தனை நாளில் முதல் தடவை. அவள் என்னத்தை என்று கேட்கவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "யாருக்காகச் சொல்லப் போறீங்க? அவளுக்காகவா, உங்களுக்காகவா?" என்றாள். "தெரியலையே." "தெரிஞ்ச பிறகு சொல்லுங்க. அதுவரைக்கும் மோரைக் குடிங்க." சம்மட்டி பிடித்துக் காய்த்த கை, செம்பை அவர் உதட்டிலேயே கொண்டுவந்து வைத்தது. குடித்தார். உப்பு அதிகம். யாருக்காக? அவளுக்காக என்றால் வாயைத் தைத்துக்கொண்டு பேர் சொல்ல வேண்டும், காலம் பூராவும் இதை மென்று முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருக்க வேண்டும், அதுதான் எனக்கு விதித்த தண்டம். அது புரிகிறது. புரிந்தும் நெஞ்சு என்னவோ சொல்லிவிட வேண்டும் என்று வாசலுக்கு வாசலுக்கு ஓடுகிறதே.

குலவைச் சத்தம். பானை பொங்கிவிட்டது. அவர் பார்க்கவேயில்லை, எப்போது அந்த விறகு பற்றியது, எப்போது நுரை வந்தது, ஒன்றும் தெரியாது. கொட்டுக்காரர்கள் குதித்து எழுந்து அடிக்கிறார்கள். யாரோ இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். மரத்த கால் பூமியில் பாவவில்லை. துணி விலகியது. வாள் வெயிலில் பளிச்சென்றது, பூசாரி எலுமிச்சம்பழத்தை இரண்டாக அரிந்து முனையிலிருந்து பிடி வரைக்கும் தேய்த்தான். பழச்சாறு பட்டதும் இரும்புக்கு இரும்பு நிறம் பிரிந்தது, வெளுப்பும் கறுப்பும் வரி வரியாக. ஆகா என்றது கூட்டம். மற்றவர்களுக்கு அது அழகு. அவருக்கு ஒவ்வொரு வரியும் பேர். இது மண்வெட்டி, இது வண்டிப்பட்டை, இது சேறு பூசின கடப்பாரை. பிடிக்குப் பக்கத்தில் கருநீலமாக ஒன்று ஓடுகிறதே, அது. மைக்கை வாயருகே கொண்டுவந்தார்கள். "பெரியகருப்பன் வீட்டு இரும்பு இதில இருக்கு." குரல் சாமியானாவுக்கு வெளியே போய்த் திரும்பி வந்தது. வந்தார்கள், தொட்டார்கள், இலை வாங்கினார்கள். "உக்கிரபாண்டியன் வீட்டு இரும்பு இதில இருக்கு." தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார் நாட்டாமை, என்ன பக்தி. மூன்று, நான்கு, ஐந்து, வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போயிற்று. ஆறு. எல்லார் கண்ணும் அவர் வாயில். உக்கிரபாண்டியன் கழுத்தைச் சாய்த்து நின்றார். சொல்லாதே என்றது ஒன்று, எதைச் சொல்லாதே என்று தெரியவில்லை, பேரையா உண்மையையா. "சீனித்தாய் வீட்டு இரும்பு," என்றார், மூச்சு வாங்கிற்று, "இதில இருக்கு."

குலவை பிளந்தது. மற்ற வீடுகளுக்குப் போட்டதைவிடப் பெரிதாக, ஊர்ப் பெண்டுகள் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துப் போட்ட மாதிரி. அவள் வந்தாள். மகள் கையைப் பிடித்து வாளில் வைத்தாள், அது மண்வெட்டி வரியில் பட்டது. தானும் தொட்டாள். தேக்கிலையில் பொங்கல் விழுந்தது, ஆவி பறந்தது. முடிந்தது. நடந்துவிட்டது, நல்லபடியாக நடந்துவிட்டது, இனி யார் என்ன செய்ய முடியும் என்று ஆசாரிக்கு உடம்பெல்லாம் வேர்த்து விட்டது. பூசாரி வாளை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். மடி வெறுமையாகி, கை வெறுமையாகி, அவர் சாமியானாக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாரிச்செல்வி கொஞ்சம் தள்ளி, பெரியகருப்பன் வீட்டுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்து இலையைப் பிரித்தாள். நகர்ந்து இடம் கொடுத்தார்கள். சீனித்தாய் தன் இலையோடு நேரே அவரிடம் வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். "ஆசாரியாரே, ஒண்ணு கேக்கணும். அத்தாம் பெரிய சக்கரம், முழுசுமா வாளுக்குள்ள போயிருக்கும்? ஒரு பொட்டு, நகத்தளவு, மிச்சம் கிடந்தா குடுங்க. மக கழுத்துல கட்டி விடுதேன். அம்மன் வாள்ல சேர்ந்த இரும்புல்லா." பார்க்கிறேன் தாயி என்று சொல்லிவிடலாம். சாக்கிலிருந்து ஒரு துணுக்கை எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. அதை அந்தப் பிள்ளை கழுத்தில் கட்டுவாள், தெருவில் போகும்போதெல்லாம் அது ஆடும், வாய்க்கால் கரைப் பக்கம் போனாலும் அங்கேயும் வந்து ஆடும். தாங்காது. என்னால் தாங்காது. என்னால் என்றுதான் நினைத்தார், அப்போதும்.

"எல்லாமே மிச்சம்தான் தாயி," என்றார். "ஒரு பொட்டுகூட உள்ள போகலை. வார்ப்பு அது. உடைஞ்சு போச்சு. பட்டறையில சாக்குல கெடக்கு." சொன்னதும் நெஞ்சில் இருந்த கல் உருண்டு இறங்கிற்று, அப்பாடா என்று மூச்சு வந்தது. எத்தனை நாளைக்கப்புறம் இப்படி ஒரு மூச்சு. அந்த மூச்சோடு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அழவில்லை, ஏசவில்லை. இலையை ஏந்தின கை மட்டும் கொஞ்சம் தாழ்ந்து, மறுபடி நிமிர்ந்தது. கோயில் உள்ளே வாளைப் பார்த்தாள். பந்தியில் உட்கார்ந்து சிரிக்கிற உக்கிரபாண்டியனைப் பார்த்தாள். குலவை போட்ட பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். அவர் நெஞ்சிலிருந்து இறங்கின கல் எங்கே போய் உட்கார்ந்தது என்று ஆசாரிக்கு அப்போதுதான் தெரிந்தது. தாயி, என்னை மன்னிச்சிரு, நான் ஒரு மடையன் என்று இன்னும் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், குரல் உயர்ந்துவிட்டது போல.

"மெல்லப் பேசுங்க ஆசாரியாரே," என்றாள் சீனித்தாய். "புள்ள சாப்பிட்டுக்கிட்டிருக்கு."